பின்சீட்டில் கேட்ட கேள்வி

— நானூறு பேருக்கு வேலை போச்சு. ஆனா பேக்டரி கேட்டுல நின்னு அழுதது என்னவோ உங்களுக்காக. அதைத்தான் சொல்றேன் சகலை, உங்க முகராசி அப்படி.

— அப்படி எல்லாம் இல்ல அண்ணே. பத்து வருஷம் ஒண்ணா வேலை பார்த்தவங்க. மேனேஜர் ஊரை விட்டுப் போறான்னா கண் கலங்கத்தான் செய்யும்.

— இந்த ஊர்ல நான் இருபது வருஷமா வண்டி ஓட்டுறேன். நாளைக்கே வித்துட்டுப் போறேன்னு சொல்லுங்க பார்ப்போம். டயர் கடைக்காரன்கூட அழமாட்டான். ஸ்டெப்னியை என்ன விலைக்குத் தருவேன்னு கேப்பான்.

— ஏர்போர்ட்டுக்கு நேரத்துக்குப் போயிடுவோமா?

— மூணரை மணி விமானத்துக்கு உங்களைப் பன்னெண்டு மணிக்கே கிளப்பியாச்சு. போயிடலாம். அந்தப் பையைக் கீழ வைங்க. ஏதோ கைக்குழந்தை மாதிரி மடியில வச்சிருக்கீங்க.

— பேக்டரியை மூடுன காகிதமெல்லாம் இதுலதான் இருக்கு அண்ணே. தலைமை ஆபீஸ்ல கையில குடுத்தாதான் எனக்கு நிம்மதி.

— உங்களுக்கு என்ன நிம்மதிக்குக் குறைச்சல்? வீட்டம்மாவும் பிள்ளைங்களும் அங்க போய்ச் சேர்ந்து பதினஞ்சு நாள் ஆச்சு. என் வீட்டம்மா தினம் ராத்திரி தங்கச்சிகூட போன்ல உக்கார்ந்துடுறா. வச்சதும் எனக்குச் செய்தி வாசிக்கிறா. அங்க குழாயைத் திறந்தா சுடுதண்ணியாம். பால்கனியில நின்னா கடல் தெரியுதாம். என்கிட்ட எதுக்கு அதைச் சொல்லணும்? நான் என்ன, கடலைப் பார்க்காதவனா?

— வாடகை வீடுதான் அண்ணே. கம்பெனி குடுத்தது.

— ஆமா, கம்பெனி குடுத்ததுதான். உங்களுக்கு எல்லாமே யாராவது தட்டுல வச்சுக் குடுத்ததுதான்.

— வண்டி ஏன் நிக்குது?

— சோதனை. குண்டு வெடிச்சு எட்டு மாசம் ஆச்சு. இன்னும் குச்சியில கண்ணாடியைக் கட்டி ஒவ்வொரு வண்டிக்கும் அடியில குனிஞ்சு பார்க்கிறாங்க. என் வண்டியோட அடிவயித்தை நான் ஒருநாளும் பார்த்தது இல்ல, அந்தக் கான்ஸ்டபிளுக்கு மனப்பாடம். போன வாரம் சைலன்சர்ல ஓட்டை விழுந்திருக்குன்னு அவர்தான் சொன்னாரு.

— நல்லதுதானே.

— நல்லதுதான். ஒரு சந்தேகம் சகலை, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். வெடிச்சது பஸ் ஸ்டாண்டுல. பேக்டரி அங்கிருந்து நாலு கிலோமீட்டர். ஒரு ஜன்னல் கண்ணாடி விரிசல் விடல. போன பத்தொன்பது உயிர்ல பேக்டரி ஆள் யாருமே இல்ல. ஆஸ்பத்திரிக்கு மருந்து ஏத்துற குழாய் செய்யிற கம்பெனி. இவங்க மேல யாருக்கு என்ன பகை? எதுக்கு மூடணும்?

— அதாவது, வெளிநாட்டுப் பணத்துல ரெண்டு வகை உண்டு. ஒண்ணு பங்குச் சந்தைக்கு வர்ற பணம். அது அன்னைக்கு மத்தியானமே போயிடுச்சு. இங்க புகை அடங்குறதுக்குள்ள அங்க எவனோ பட்டனைத் தட்டி வித்துட்டான். ஆனா அது ஒரு மாசத்துல திரும்பி வந்துடும். வந்துடுச்சும்கூட.

— நம்ம ஸ்டாண்டுல அடிதடின்னா பயணிங்க அடுத்த ஸ்டாண்டுக்கு ஓடிப்போயி, ரெண்டு நாள்ல திரும்பி வருவாங்களே, அப்படி.

— அதேதான். இன்னொரு வகை, கட்டடம் கட்ட வர்ற பணம். அது பதறி ஓடாது. உக்கார்ந்து யோசிக்கும். காப்பீட்டுக்காரன் மூணு மடங்கு கேப்பான். வெளிநாட்டு இன்ஜினியர் பொண்டாட்டி "அங்க போகாதே"ம்பா. கப்பல் கம்பெனிக்காரன் கட்டணத்தை ஏத்துவான். பக்கத்து நாட்டுக்காரன் போன் போட்டு, "எங்க ஊர்ல பட்டாசுகூட வெடிக்காது, வாங்க, அஞ்சு வருஷம் வரி கிடையாது"ம்பான். இதையெல்லாம் ஒரு காகிதத்துல போட்டுப் பார்ப்பாங்க. ஒருநாள் சத்தமே இல்லாம எழுந்து போயிடுவாங்க. அது திரும்பி வராது அண்ணே.

— ரெண்டாவது கட்டடத்துக்குத் தூண் எழுப்பினாங்களே, கம்பியெல்லாம் தலைமுடி மாதிரி வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. அது?

— அப்படியேதான் நிக்கும்.

— போற பணம் உங்களை மட்டும் இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டுப் போகுது பார்த்தீங்களா. எங்களைக் கீழ இறக்கி விட்டுட்டுப் போகுது.

— கிளம்புங்க அண்ணே, கை காட்டிட்டாங்க.

— பார்த்துட்டேன். எரிச்சல்ல பேசுறேன்னு நினைக்காதீங்க.

— நினைக்கல.

— நினைச்சா நினைச்சுக்கங்க. எரிச்சல்தான். என் பொண்ணு உங்க பேக்டரியில மூணு வருஷம் இருந்தா. வெளிச்சத்துக்கு எதிர்ல குழாயைப் பிடிச்சு உள்ள காத்துக்குமிழி இருக்கான்னு பார்க்கிற வேலை. ஏசி ரூம். சுழல் நாற்காலி. தலைக்குத் தொப்பி போட்டுக்கிட்டு டாக்டர் மாதிரி இருப்பா. இப்ப துணிக்கடையில நிக்கிறா. காலையில பத்து மணியில இருந்து நிக்கணும். உக்கார்றதுக்கு ஒரு ஸ்டூல் போட மாட்டானுங்க. வீட்டுக்கு வந்ததும் கணுக்காலைப் பிடிச்சுக்கிட்டு உக்கார்றா. உங்க பொண்ணு பால்கனியில கடல் பார்க்குது.

— உங்க பொண்ணை அங்க கூட்டிக்கலாமான்னு நான் கேட்டுப் பார்த்தேன். தொழிலாளி விசா குடுக்க மாட்டேங்கிறாங்க. மேனேஜருக்கும் அதுக்கு மேல உள்ளவங்களுக்கும்தான்.

— கேட்டீங்களா?

— ரெண்டு தடவை.

— ம்... இதுதான் சகலை உங்ககிட்ட பிரச்சினை. முழுசாத் திட்டவும் விடமாட்டீங்க.

— திட்டுங்க. இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கு.

— சிரிக்காதீங்க. கேளுங்க கதையை. எனக்குக் கல்யாணம் ஆகி பத்து வருஷம் அந்த வீட்டுக்கு நான் ஒருத்தன்தான் மாப்பிள்ளை. மாமனார் நான் போனா டிவி ரிமோட்டை என் கையில குடுப்பாரு. நீங்க வந்தீங்க. முதல் நாளே ரிமோட் உங்க கைக்குப் போச்சு.

— எனக்கு ஞாபகமே இல்ல.

— உங்களுக்கு எப்படி இருக்கும்? வாங்கினவனுக்கு ஞாபகம் இருக்காது, விட்டவனுக்குத்தான் இருக்கும். அவர் மாடிப்படியில விழுந்து இடுப்பெலும்பை உடைச்சுக்கிட்டாரே, அப்ப மூணு மாடி முதுகுல சுமந்து இறக்கினது நான். ஆஸ்பத்திரியில பதினோரு நாள், பெஞ்சுல படுத்து, அவர் போர்வையை நான் துவைச்சு. பன்னெண்டாவது நாள் நீங்க வந்தீங்க. ஒரு டசன் ஆப்பிள், ஒரு செண்ட் வாசனை. உடனே பக்கத்துக் கட்டில் ஆள்கிட்ட சொல்றாரு, "இவர்தான் என் மாப்பிள்ளை, வெளிநாட்டுக் கம்பெனியில மேனேஜர்." அப்ப நான் யாரு? ஆப்பிளை அரிஞ்சு தட்டுல வச்சுக்கிட்டு நிக்கிறேனே, நான் வார்டு பாயா?

— அன்னைக்கு நடந்த மிச்சக் கதை உங்களுக்குத் தெரியாது.

— என்ன மிச்சம்?

— நீங்க தண்ணி பிடிக்கப் போனீங்கல்ல, அப்ப மாமா என்னைக் கிட்ட கூப்பிட்டாரு. நானும் ஏதோ பாசமா சொல்லப் போறாருன்னு குனிஞ்சேன். "மாப்ளே, நீங்க சீக்கிரம் கிளம்புங்க. நீங்க இருந்தா பாத்ரூம் போகணும்னு சொல்லக் கூச்சமா இருக்கு. பெரிய மாப்ளையை வரச் சொல்லுங்க"ன்னாரு.

— நிஜமாவா?

— நிஜமா. ஆப்பிளை வாங்கி வச்சுக்கிட்டு என்னை அனுப்பிட்டாரு. கார்ல உக்கார்ந்து ரொம்ப நேரம் கிளப்பாம இருந்தேன். எனக்கு வந்தது என்னன்னு நினைக்கிறீங்க? பொறாமைதான் அண்ணே.

— உங்களுக்கா? என்னைப் பார்த்தா?

— ஏன், நீங்க மட்டும்தான் படணுமா? என் பையன் சைக்கிள் கத்துக்கிட்டது உங்ககிட்ட. கீழ விழுந்தா "பெரியப்பா"ன்னுதான் கத்துவான். என் வீட்டுல பல்ப் போனாக்கூட என் பொண்டாட்டி உங்களுக்குத்தான் போன் போடுவா. "அவருக்கு எதுக்குத் தொந்தரவு, வேலையா இருப்பாரு"ம்பா. என் வீட்டுல நானே விருந்தாளி. நீங்க உள்ள வந்தா பசங்க ஓடி வருவாங்க. நான் வந்தா டிவி சத்தத்தைக் குறைப்பாங்க.

— இதெல்லாம் முன்னாடியே சொல்றதுக்கென்ன?

— எப்படிச் சொல்றது? உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்னுதான் சொல்லல.

— இருக்குதான். பொய் சொல்லுவானேன்... நல்லாவே இருக்கு.

— தெரியும். ஏன் ஓரம் கட்டுறீங்க? டயர் ஏதாச்சுமா?

— டயர் இல்ல. ரெண்டு நிமிஷம். இதை ஓட்டிக்கிட்டே சொல்ல முடியாது.

— என்ன அண்ணே, முகமெல்லாம் வேர்த்திருக்கு. நெஞ்சு ஏதும் வலிக்குதா?

— நெஞ்சுதான். ஆனா நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. சகலை, அந்த முழங்கால்காரர் வந்தாரே ஞாபகம் இருக்கா? குண்டு வெடிச்சு ரெண்டு மாசம் கழிச்சு. பணம் போடுற கம்பெனியில பெரிய ஆளுன்னு சொன்னீங்க. முழங்கால் மடங்காம ஒரு காலை நீட்டித்தான் உக்காருவாரு.

— ஞாபகம் இருக்கு.

— அவரை ஏர்போர்ட்டுக்கு நான்தானே கூட்டிட்டுப் போனேன்.

— ஆமா.

— அன்னைக்குக் காலையில கேட்டுல நீங்க அவருக்கு எல்லாரையும் அறிமுகப்படுத்தினீங்க. இவர் சூப்பர்வைசர், இவர் ஸ்டோர் கீப்பர். என்கிட்ட வந்ததும், "இவர் டிரைவர்"னீங்க. அவ்வளவுதான். பதினாலு வருஷ உறவு. என் சகலைன்னு சொல்ல உங்களுக்கு வாய் வரல.

— அண்ணே...

— குறுக்க பேசாதீங்க, விட்டா அப்புறம் சொல்ல மாட்டேன். அன்னைக்கு எனக்கு உச்சந்தலைக்கு ஏறிடுச்சு. அந்த மனுசன் பின்சீட்டுல காலை நீட்டிக்கிட்டு மெதுவாப் பேச்சுக் குடுத்தாரு. அவர் இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரியும், என்னோடது அவருக்குக் கால்வாசி. ஆனா நல்ல மனுசன். பிள்ளைங்க உண்டான்னு கேட்டாரு. ஒரு பொண்ணு, உங்க பேக்டரியிலதான் இருக்கான்னேன். அப்புறம் கேட்டாரு, "வேற ஊருக்கு அனுப்ப வசதி இருந்தா உன் பொண்ணை அனுப்புவியா, இல்ல இங்கதான் வச்சுப்பியா?"

— நீங்க என்ன சொன்னீங்க?

— கண்ணாடியில அவர் முகத்தைப் பார்த்தேன். நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேக்குறாருன்னு புரிஞ்சுது. இந்த ஆள் வாயில இருந்து ஒரு சொல் வந்தா உங்க ரெண்டாவது கட்டடம் எழும்பும். நீங்க டைரக்டர் ஆயிடுவீங்க. மாமனார் இன்னும் நாலு கட்டில்காரங்ககிட்ட சொல்லுவாரு. அதுதான் என் கண்ணு முன்னாடி வந்துச்சு. என் பொண்ணு வரல சகலை. சத்தியமா அவ வரவே இல்ல.

— சரி.

— "இன்னைக்கே அனுப்பிடுவேன் சார்"னேன். அதோட விட்டிருக்கலாம். விடல. "பேக்டரி பின் கேட்டுக்கிட்ட போன வாரம் ஒரு பை கிடந்துச்சு. உள்ள ஒயரெல்லாம் இருந்துச்சு. போலீஸ் வந்து எடுத்துட்டுப் போயி மூடி மறைச்சுட்டாங்க"ன்னேன். பை எதுவும் இல்ல. நானா கட்டின கதை. அவர் அப்புறம் ஏர்போர்ட் வரைக்கும் நோட்டுல ஏதோ எழுதிக்கிட்டே வந்தாரு. இறங்குறப்ப என் கையைப் பிடிச்சு "தேங்க் யூ"ன்னாரு. எனக்கு அதுதான் இன்னைக்கும் நெருப்பு மாதிரி இருக்கு.

— ம்.

— ஒரு மாசத்துல மூடுறோம்னு உத்தரவு வந்துச்சு. நானூறு குடும்பம். நீங்க நாற்பது பக்கம் எழுதிப் போராடினதா ஊரே சொல்லுது. நான் ஒத்தை வாயில அத்தனையும் கவுத்துட்டேன். என் பொண்ணு கணுக்காலைப் பிடிச்சுக்கிட்டு உக்கார்றப்பல்லாம் எழுந்து வெளிய போயிடுறேன். என் வீட்டம்மாகிட்டகூட சொல்லல. இப்ப உங்ககிட்ட சொல்லிட்டேன். அடிக்கணும்னா அடிங்க. வாங்கிக்கிறேன்.

— வண்டியை எடுங்க அண்ணே. நேரமாச்சு.

— என்ன இது? கோவமே வரலையா? கேட்டீங்களா இல்லையா?

— கேட்டேன். பை கதை எனக்கு முன்னாடியே தெரியும். அவங்க அறிக்கையில வந்துச்சு. "உள்ளூர்வாசி ஒருவர் தெரிவித்த, வெளியே வராத சம்பவம்"னு ஒரு பத்தி போட்டிருந்தாங்க.

— முன்னாடியேன்னா?

— அஞ்சு மாசமா.

— அஞ்சு மாசமாத் தெரிஞ்சும் என் வீட்டுல வந்து சாப்பிட்டீங்களா? என் பொண்ணு தலையில கை வச்சு, "கவலைப்படாதே, நல்லது நடக்கும்"னீங்களா?

— வண்டியை எடுங்க.

— எடுக்க மாட்டேன். சகலை, செக்யூரிட்டி நோட்டுல எல்லாம் எழுதியிருக்குமே. ஒரு குப்பைப் பை கிடந்தாக்கூட எழுதுவாங்களே. அதைக் காட்டி, இப்படி எதுவும் நடக்கலைன்னு நீங்க ஒரு வரி எழுதிப் போட்டிருந்தா போதுமே!

— போதும்தான். என்ன நடந்துச்சு, உண்மையா பொய்யான்னு என்கிட்ட கேட்டு எழுதினாங்க.

— கேட்டாங்களா! நீங்க என்ன எழுதினீங்க?

— விசாரிச்சுச் சொல்றேன்னு எழுதினேன். அப்புறம் எழுதல.

— ஏன்?

— குண்டு வெடிச்ச அன்னைக்கு என் பையனோட ஸ்கூல் வேன் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி நாலு நிமிஷம்தான் ஆச்சு. சத்தம் கேட்டு வேன்ல இருந்த பிள்ளைங்க கை தட்டியிருக்காங்க, பட்டாசுன்னு நினைச்சு. அதை அவன் வீட்டுல வந்து சிரிச்சுக்கிட்டே சொன்னான். அன்னையில இருந்து என் பொண்டாட்டி தூங்கல. நானும் தூங்கல. இந்த ஊரை விட்டுப் போகணும். நானா வேலையை விட்டா நடுத்தெரு. பேக்டரி இடம் மாறினாத்தான் என்னையும் சேர்த்துத் தூக்குவாங்க.

— அப்ப நாற்பது பக்கம்?

— எழுதினேன். மூடாதீங்கன்னுதான் எழுதினேன். நானூறு பேரோட தினம் ஒரே கேட்டுல நுழையிறவன், மூடுங்கன்னு எந்தக் கையால எழுதுவேன்?

— எனக்கு ஒண்ணும் புரியல சகலை.

— அந்த முழங்கால்காரர் அன்னைக்குக் கேட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. "உன் நாற்பது பக்கத்தையும் படிச்சேன். ஆனா மேனேஜர் எழுதினா இப்படித்தான் எழுதுவான். உனக்குச் சொந்தமில்லாத, சாதாரண உள்ளூர் ஆள் ஒருத்தன்கிட்ட நானே கேட்டுப் பார்த்துட்டு முடிவு பண்றேன்"னாரு.

— சொந்தமில்லாத ஆளா... அதுக்குத்தான் வெறும் டிரைவர்னு...

— கேட்டுல அன்னைக்கு மூணு வண்டி நின்னுச்சு அண்ணே. என்னைப் பார்த்து வயிறெரியிற ஆள் எந்த வண்டியில இருக்காருன்னு எனக்குத் தெரியாதா? பார்த்துத்தான் ஏத்தினேன்.